ஆனையிறவு உப்பும் ஆவர்த்தன அட்டவணையும்

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே செல்பவர், பரந்தன் சந்தியைக் கடந்து சிறிது தூரம் போனதும் ஆனையிறவின் உப்பு வெளியைக் காண்பார். கடல்நீரேரியின் நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டு, படியும் பளிங்குகளை வாரியெடுக்கும் தொழிலுக்குப் பேர்போன இடம் அது. அந்த உப்பை நம்பியே 1950களில் பரந்தனில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. அடர்ந்த உப்புக் கரைசலினூடாக மின்னைச் செலுத்தி எரிசோடாவையும் குளோரீனையும் பிரித்தெடுத்த அந்தத் தொழிற்சாலை, 1980களில் போர் நெருங்கி வந்தபோது ஓய்ந்துபோனது.

கறிக்குப் போடும் உப்பு சோடியம், குளோரீன் என்ற இரண்டு மூலகங்களின் சேர்வை. (தமிழ்நாட்டு வாசகர் தனிமம் என்று சொல்வதையே நாம் மூலகம் என்கிறோம்.) சோடியம் தண்ணீரில் விழுந்தால் சீறிக்கொண்டு ஓடும், சில வேளை தீப்பற்றும், அதனால் ஆய்வுகூடங்களில் அதைப் பரஃபின் எண்ணெய்க்குள் அமிழ்த்தி வைப்பார்கள். குளோரீனோ 1915ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் நச்சுவாயுவாகத் திறந்துவிடப்பட்டது. இப்படிப்பட்ட இரண்டு சேர்ந்து சோற்றுப்பானைக்குள் அடங்கிக் கிடப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு, மூலகங்களை எல்லாம் ஒழுங்குபடுத்தி அடுக்கிய ஆவர்த்தன அட்டவணையில் அவை நிற்கும் இடங்களே விடை சொல்கின்றன. சோடியம் முதலாவது நிரலில், அதாவது மேலிருந்து கீழாக ஓடும் முதல் வரிசையில், நிற்கிறது. குளோரீன் பதினேழாவது நிரலில் நிற்கிறது. முதலாவது நிரலில் உள்ள உலோகம் எதற்கும் விட்டுவிடத் துடிக்கும் ஓர் இலத்திரன் வெளியோட்டில் இருக்கும். பதினேழாவது நிரலில் உள்ளவற்றுக்கு வெளியோடு நிறைய ஓர் இலத்திரன் குறைவாக இருக்கும். கொடுத்ததும் வாங்கியதும் இரண்டும் மின்னேற்றம் பெற்ற அயன்களாகி, ஒன்றையொன்று கவர்ந்து பளிங்காக உறைகின்றன.

நம் பிள்ளைகள் இந்த அட்டவணையைப் படிக்கும் முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஐதரசன், ஈலியம், இலித்தியம், பெரிலியம், போரன், காபன் என்று தொடங்கிக் கல்சியம் வரை இருபது பெயர்களை வாய்ப்பாடு போல ஒப்புவிக்கிறார்கள். இடப்பெயர்வுக் காலத்து மரநிழல் வகுப்பொன்றில், பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் ஆசிரியர் கீறித் தொங்கவிட்டிருந்த அட்டவணையைப் பார்த்து நானும் அப்படியே ஒப்புவித்தேன். அது நிரை வழியே, அதாவது இடமிருந்து வலமாகச் செய்யும் மனனம். அட்டவணையின் உயிரோ நிரல் வழியே, மேலிருந்து கீழாக ஓடுகிறது. இலித்தியத்துக்கும் பெரிலியத்துக்கும் அடுத்தடுத்த வீட்டுக்காரர் என்பதைத் தவிரப் பெரிய உறவு இல்லை. இலித்தியம், சோடியம், பொற்றாசியம் ஆகியவையோ ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பாடநூல் நிரையை ஆவர்த்தனம் என்றும் நிரலைக் கூட்டம் என்றும் அழைக்கிறது. ஆவர்த்தனங்கள் ஏழு, கூட்டங்கள் பதினெட்டு, இன்று அறியப்பட்ட மூலகங்கள் 118.

உறவு முறையை முதலில் கண்டவர்கள் அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியாதவர்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் வியப்பு. அவர்கள் கையில் இருந்தவை இரண்டே: ஒவ்வொரு மூலகத்தினதும் அணுத்திணிவு, அது பிறவற்றோடு தாக்கம் புரியும் விதம். ஜேர்மானியரான டொபரைனர் 1829இல் மும்மூன்றாகச் சில மூலகங்களைத் தொகுத்தார். இலித்தியத்தின் அணுத்திணிவு 7, பொற்றாசியத்தினது 39. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 23 வருகிறது. அது சோடியத்தின் அணுத்திணிவு. 1860களில் இங்கிலாந்தின் நியூலாண்ட்ஸ், எட்டாவது மூலகம் தோறும் பண்புகள் திரும்ப வருவதைக் கண்டு அதைச் சுரங்களுக்கு ஒப்பிட்டார். மூலகங்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீரா என்று இலண்டன் இரசாயனச் சங்கத்தில் ஒருவர் அவரைக் கிண்டல் செய்தார்.

ருஷியரான மெண்டலீவ் 1869 மார்ச்சில் முன்வைத்த அட்டவணை வென்றதற்குக் காரணம், அவர் ஒழுங்கை மீறத் துணிந்ததுதான் என்பது என் எண்ணம். அப்போது தெரிந்திருந்த மூலகங்கள் 63. அவற்றை அணுத்திணிவு ஏறும் வரிசையில் அடுக்கிய அவர், ஓரிடத்தில் தயங்காமல் வரிசையை மாற்றினார். தெலூரியத்தின் அணுத்திணிவு 127.6, அயடீனுடையது 126.9. எண்ணை மட்டும் நம்பினால் அயடீன் முன்னே வந்து ஒட்சிசனுக்கும் கந்தகத்துக்கும் கீழே விழும், தெலூரியம் குளோரீனுக்கும் புரோமீனுக்கும் கீழே விழும். அயடீனைக் கையாண்ட எவரும் அது குளோரீனின் இனம் என்பதை அறிவர். ஆகவே மெண்டலீவ் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, தெலூரியத்தின் அணுத்திணிவைப் பிழையாக அளந்திருப்பார்கள் என்று சொல்லிவைத்தார். அளவு பிழையன்று, அவர் சொன்ன காரணம்தான் பிழை. வைத்த இடமோ சரி. அதே துணிவோடு, 120 என்று கருதப்பட்டு வந்த யுரேனியத்தின் அணுத்திணிவை இரட்டித்து 240 என்றார். இன்று அது 238.

பொருத்தமான மூலகம் கிடைக்காத இடங்களை அவர் வெறுமையாக விட்டார். வயலில் ஒரு வரவையை விதைக்காமல் விட்டால் பக்கத்து வரவைகளைப் பார்த்தே அங்கு என்ன விளையும் என்று கமக்காரன் சொல்லிவிடுவான். மெண்டலீவும் நாற்புறமும் இருந்த மூலகங்களைப் பார்த்து இல்லாதவற்றின் பண்புகளைக் கணித்தார். அலுமினியத்துக்குக் கீழே இருக்க வேண்டியதற்கு ஏக அலுமினியம் என்று அவர் பெயரிட்டார். சமஸ்கிருதத்தில் ஒன்று என்னும் பொருள் தரும் இந்த 'ஏக', ஏகம், ஏகன் என்று தமிழிலும் புழங்கும் சொல் ஆகையால், நம் காதுக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. 1875இல் பிரான்சின் லெகொக் த புவாபோத்ரான் கலியத்தைக் கண்டுபிடித்து, அதன் அடர்த்தி நீரைப் போல 4.7 மடங்கு என்று அறிவித்தபோது, அந்த உலோகத்தை ஒருபோதும் கண்ணால் கண்டிராத மெண்டலீவ், அடர்த்தி 5.9 அளவில் இருக்க வேண்டும், மீண்டும் சுத்திகரித்து அளந்து பாருங்கள் என்று எழுதினார். மீண்டும் அளந்தபோது 5.9 வந்தது. 1879இல் ஸ்கந்தியமும் 1886இல் ஜேர்மானியமும் கிடைத்து, மேலும் இரண்டு வரவைகள் நிரம்பின.

அவர் கணித்தவை எல்லாம் பலித்தன என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது, அது உண்மையன்று. பலிக்காத கணிப்புகளும் அவரிடம் உண்டு. 1894இல் ராலேயும் ராம்சேயும் வளியிலிருந்து ஆகனைப் பிரித்தபோது, அது மூன்று நைதரசன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்ற கருத்தில் அவர் சிறிது காலம் நின்றார். எதனோடும் சேராத ஒரு வாயுவுக்கு அவருடைய அட்டவணையில் நிரலே இருக்கவில்லை. ஈலியம், நேயன், கிரித்தன், செனன் என்று அதன் இனத்தவை ஒவ்வொன்றாக வெளிவந்ததும், ஓரத்தில் ஒரு நிரலைச் சேர்ப்பதோடு சிக்கல் தீர்ந்தது. ஏற்கெனவே இருந்த எந்த நிரலையும் குலைக்க நேரவில்லை.

தெலூரியத்துக்கும் அயடீனுக்கும் இடையிலான முரண்பாட்டைத் தீர்த்தவர் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கில இளைஞர். 1913இல் அவர் மூலகங்களின் மீது இலத்திரன் கற்றையை மோதவிட்டு, வெளிவந்த எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அந்த அதிர்வெண்ணின் வர்க்கமூலம் மூலகத்துக்கு மூலகம் ஒரே சீரான படியாக ஏறியது. ஒவ்வொரு படியும் அணுக்கருவின் நேரேற்றத்தில் ஒன்று கூடுவதைக் குறித்தது. அதுவரை வெறும் வரிசை இலக்கமாக இருந்த அணுவெண் அன்றிலிருந்து கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கை ஆயிற்று. தெலூரியம் 52, அயடீன் 53. ஆகன் 18, பொற்றாசியம் 19. அணுத்திணிவு நியூத்திரன்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால் சில இடங்களில் முன்பின்னாகிறது. புரோத்தன் எண்ணிக்கை அப்படித் தடுமாறுவதில்லை. 43, 61, 75 ஆகிய இலக்கங்களுக்கு உரிய மூலகங்கள் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் இந்த முறை காட்டிக்கொடுத்தது. மோஸ்லி 1915 ஆகஸ்டில், தம் 27ஆவது வயதில், கலிப்போலிப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார். போர் எவற்றையெல்லாம் கொண்டுபோகிறது என்பதை வன்னியில் இருந்து எழுதுகிறவர் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, நிரைகளின் நீளம் ஏன் சமமாக இல்லை என்பதைப் பார்க்கலாம். மேலிருந்து கீழாக ஏழு ஆவர்த்தனங்களிலும் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32 மூலகங்கள் உள்ளன. இலத்திரன்கள் கருவைச் சுற்றிச் சக்தி மட்டங்களில் அமைகின்றன; ஒவ்வொரு மட்டத்துக்குள்ளும் உபமட்டங்கள் உண்டு; அவை இரண்டு, ஆறு, பத்து, பதினான்கு என இலத்திரன்களைக் கொள்ளக்கூடியவை. இரண்டும் ஆறும் எட்டு, அதோடு பத்து பதினெட்டு, அதோடு பதினான்கு முப்பத்திரண்டு. மூன்றாம் மட்டம் உண்மையில் பதினெட்டு இலத்திரன்களைக் கொள்ளும். ஆனால் எட்டு நிரம்பியதும், அடுத்த இரண்டு இலத்திரன்களும் மீதிப் பத்து இடங்களை விட்டுவிட்டு நான்காம் மட்டத்துக்குப் போய்விடுகின்றன, ஏனெனில் அந்த நிலையில் அங்கேதான் சக்தி குறைவு. அப்படி ஓர் இலத்திரன் போனது பொற்றாசியம், இரண்டும் போனது கல்சியம். இருபத்தோராவதான ஸ்கந்தியத்தில்தான் மூன்றாம் மட்டத்தின் மீதி இடங்கள் நிரம்பத் தொடங்குகின்றன. சாதாரண தரப் பிள்ளைகள் இருபதோடு நிறுத்தும் இடம், 2, 8, 8, 2 என்ற எளிய கணக்கு அப்படியே செல்லுபடியாகும் கடைசி இடமும் ஆகும். இதை யாராவது அந்த வயதிலேயே எனக்குச் சொல்லியிருந்தால் இருபத்தொன்றைப் பற்றி அவ்வளவு பயம் இருந்திருக்காது.

அந்த இருபத்தொன்றுக்கு அப்பாலுள்ள பகுதியைக் காண முல்லைத்தீவின் தெற்கு எல்லைக்குப் போக வேண்டும். கொக்கிளாய் நீரேரிக்குத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில், கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். அலை கனமான மணிகளை விட்டுவிட்டு இலேசானவற்றை இழுத்துச் சென்றதால் குவிந்த கனியமணல் அது. அதிலுள்ள இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. ரூட்டைல் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. சிர்க்கன் சிர்க்கோனியத்தின் சிலிக்கேற்று. சிறிதளவில் கிடைக்கும் மொனசைற்றில் சீரியம், இலந்தனம் முதலிய அருமண் மூலகங்களும் தோரியமும் உள்ளன. வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்ரின் வெண்மை பெரும்பாலும் தைத்தேனியத்தின் ஒட்சைட்டிலிருந்து வருவது.

தைத்தேனியமும் சிர்க்கோனியமும் நான்காவது நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. இவற்றுக்கும் கீழே 72ஆம் இடத்தில் நிற்பதைத் தேடிய கதை, நிரல் வழியே வாசிப்பதன் பயனை வேறெதையும் விடத் தெளிவாகக் காட்டும். அந்த மூலகத்தை அருமண்களுக்குள் பலர் தேடிக்கொண்டிருந்தார்கள். கோப்பன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போர் என்ற பௌதிகவியலாளர் இலத்திரன் கணக்கைப் பார்த்து, பதினான்கு இடங்கள் கொண்ட உபமட்டம் 71உடன் நிரம்பிவிடுவதால் 72 அருமண் ஆகாது, சிர்க்கோனியத்தின் இனமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் அதைச் சிர்க்கோனியக் கனியங்களில் தேட வேண்டும். 1923இல் அங்கே கொஸ்டரும் ஹெவெசியும் நோர்வே நாட்டுச் சிர்க்கனை மோஸ்லியின் முறைப்படி எக்ஸ் கதிரால் ஆராய்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள். கோப்பன்ஹேகனின் லத்தீன் பெயரைக் கொண்டு அதற்கு ஹஃப்னியம் என்று பெயரிட்டார்கள். புல்மோட்டைச் சிர்க்கன் மணியிலும் ஹஃப்னியம் ஒளிந்திருக்கிறது. அணுவெண்ணில் முப்பத்திரண்டு வித்தியாசம் இருந்தும் இரண்டின் அணுக்களும் ஏறக்குறைய ஒரே பருமன்; இடையே நிரம்பும் பதினான்கு இலத்திரன்களும் கருவின் இழுப்பைச் சரிவர மறைக்காததால், அருமண் வரிசை நெடுகிலும் அணு சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆகவே இரண்டையும் பிரிப்பது பெரும் பாடு.

மொனசைற்றிலுள்ள தோரியத்துக்கு நேர்ந்தது வேறொன்று. பழைய அட்டவணைகளில் அது இதே நான்காவது நிரலில் வைக்கப்பட்டிருந்தது. 1940களின் நடுப்பகுதியில் அமெரிக்கரான கிளென் சீபோர்க், தோரியம் தொடக்கமான கனத்த மூலகங்களுக்கும் அருமண்களைப் போலவே தனியாக ஒரு வரிசை வேண்டும் என்று வாதிட்டு, அவற்றைக் கீழே இறக்கினார். இன்று அட்டவணையின் அடியில் தனித்து நிற்கும் இரு நீள வரிசைகளில் இரண்டாவது அது. தோரியம் மிகுந்த தோரியனைற்று என்ற கனியம் இலங்கையில்தான், 1904இல், கனியவள அளவைத் திணைக்களத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமியால் கண்டுபிடிக்கப்பட்டது. கலை வரலாற்றாசிரியராகவே அவரை அறிந்தவர்களுக்கு இது புதினமாக இருக்கும்.

வயலுக்கும் கிணற்றுக்கும் வந்தால் நிரல் உறவு இன்னும் நெருக்கமாகத் தெரியும். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களில் யூரியா, ரி.எஸ்.பி., எம்.ஓ.பி. என்று மூன்று உரங்கள் இடப்படுகின்றன. அவை முறையே நைதரசனையும் பொசுபரசையும் பொற்றாசியத்தையும் தருபவை. எம்.ஓ.பி. என்பது பொற்றாசியம் குளோரைட்டு. ஆனையிறவு உப்பு சோடியம் குளோரைட்டு. ஒரே நிரலின் அடுத்தடுத்த படிகளில் நிற்கும் இரண்டு உலோகங்களின் உப்புகளில் ஒன்றைப் பயிருக்குக் காசு கொடுத்து வாங்கி இடுகிறோம். மற்றது நீரேரிப் பக்கமாக ஊறி வந்தால் பயிர் கருகுகிறது. இரண்டும் ஒற்றை நேரேற்றம் கொண்ட அயன்கள் ஆகையால், வேர் பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும் வழிகளில் சோடியமும் போட்டியிட்டு நுழைகிறது. உவர் நிலத்துப் பயிரின் துன்பத்தில் ஒரு பங்கு இந்த ஆள்மாறாட்டம். நைதரசனும் பொசுபரசும் கூட ஒரே நிரலைச் சேர்ந்தவைதாம், ஆனால் அந்த நிரலில் மேலே இருப்பது மந்தமான வாயு, கீழே இருப்பது திண்மம். அதன் வெண்வடிவம் வளியில் தானாகத் தீப்பற்றும். உறவு என்பது ஒரே முகம் என்று பொருள்படாது.

கிணற்று நீரைக் கேத்திலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படிவது கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் காபனேற்று முதலிய உப்புகள். இரண்டும் இரண்டாவது நிரல். இரண்டும் இரட்டை நேரேற்றம் கொண்டவை. இரண்டும் சவர்க்காரத்தை நுரைக்க விடாமல் திரளவைப்பவை. அதற்கும் கீழே நிற்கும் துரந்தியம் கல்சியத்தைப் போல நடித்து எலும்புக்குள் குடிபுகும். அணுகுண்டுப் பரிசோதனைகளின் தூசியில் வரும் துரந்தியம் 90ஐ உலகம் அஞ்சியது அதனால்தான்.

பதினேழாவது நிரலோ வன்னி வீட்டுக்குள் முக்கால்வாசி குடியிருக்கிறது. வவுனியாவின் பல கிணறுகளில், பழமையான பாறைகளிலிருந்து கரைந்து வந்த புளோரைட்டு உண்டு. அது சிறிதளவில் பல்லுக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலே போனால், வளரும் பிள்ளைகளின் பற்களில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையும் விழும். வெள்ளம் வடிந்த பின் கிணற்றுக்குப் போடும் தூளில் குளோரீன். 1995 முதல் இலங்கையில் சட்டப்படி அயடீன் சேர்க்கப்பட்ட உப்பே விற்கப்படுவதால், கழலைக்கு எதிரான அயடீன் உப்புப் போத்தலுக்குள். புளோரீன் வெளிர்மஞ்சள் வாயு, குளோரீன் பச்சை கலந்த மஞ்சள் வாயு, புரோமீன் செங்கபிலத் திரவம், அயடீன் சூடாக்கினால் ஊதா ஆவியாகும் கருந்திண்மம்: கீழே இறங்க இறங்க நிறம் கனக்கிறது, தாக்குதிறன் தணிகிறது. முதலாவது நிரலில் இதற்கு நேர்மாறு. இலித்தியம் தண்ணீரில் மெல்லச் சலசலக்கும், பொற்றாசியம் ஊதாச் சுவாலையோடு வெடித்தெரியும். ஓர் இலத்திரனைப் பிரிக்க மூலொன்றுக்கு வேண்டிய சக்தி இலித்தியத்தில் 520 கிலோயூல், சோடியத்தில் 496, பொற்றாசியத்தில் 419. கருவுக்கும் வெளி இலத்திரனுக்கும் இடையிலான தூரம் கூடக்கூடப் பிடி தளர்கிறது. தளர்ந்த பிடி, கொடுக்க வேண்டிய உலோகத்துக்கு வேகத்தைத் தருகிறது, வாங்க வேண்டிய அலசனுக்கு, அதாவது பதினேழாவது நிரல் மூலகத்துக்கு, வேகத்தைக் குறைக்கிறது.

2016இல் 113, 115, 117, 118 ஆகிய இலக்கங்களுக்குப் பெயரிடப்பட்டபோது ஏழாவது ஆவர்த்தனமும் நிரம்பியது. அவை யாவும் ஆய்வுகூடங்களில் அணுக்கருக்களை மோதவிட்டு ஆக்கப்பட்டவை, விரைவில் சிதைந்துவிடுபவை. இருந்தும், முதலாவது இலக்கத்தின் இடம் பற்றிய வாதம் மட்டும் இன்னும் முடியவில்லை. பரந்தனில் உப்புக் கரைசலை மின்பகுத்தபோது அனோட்டில், அதாவது நேர்மின்வாயில், குளோரீன் எழுந்தது. கரைசலில் எரிசோடா தங்கியது. மூன்றாவதாக, அதிகம் பேசப்படாத ஐதரசன் வாயுவும் வெளிவந்தது. ஐதரசனுக்கு இருப்பது ஒரே இலத்திரன். ஆகவே பாடநூல் அதை இலித்தியத்துக்கு மேலே, முதலாவது நிரலின் உச்சியில் வைக்கிறது. ஓடு நிரம்ப அதற்குத் தேவைப்படுவதும் ஒரே இலத்திரன். ஆகவே சில அட்டவணைகள் அதைப் புளோரீனுக்கு மேலே வைக்கின்றன. வேறு சில, எந்த நிரலிலும் ஒட்டாமல் நடுவே தனியாக நிறுத்துகின்றன. உப்பிலுள்ள சோடியத்தின் இடத்தில் ஐதரசனை வைத்தால் ஐதரோகுளோரிக்கமிலத்தைத் தரும் ஐதரசன் குளோரைட்டு கிடைக்கிறது. குளோரீனின் இடத்தில் வைத்தால் சோடியமைதரைட்டு கிடைக்கிறது. இரண்டு பொருட்களும் உண்மையில் உண்டு.